பத்து வெள்ளிப் பங்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் தங்கள் முதல் நாவலைத் தமிழில் எழுத முனைந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



பிரிக்பீல்ட்ஸில் கூடியபோது உங்களில் பலர் தோட்டத்து வாழ்க்கையைத்தான் எழுதப் போவதாகச் சொன்னீர்கள். பாட்டி சொன்னது, தாத்தா முனகியது எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறீர்கள். கப்பல் பயணம், கங்காணி, விடியற்காலைப் பெரட்டு, கள்ளுக்கடை, சயாம் மரண ரயில் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒன்றைக்கூட விட வேண்டாம். ஆனால் நான் பார்த்த எந்தக் குறிப்பேட்டிலும் பணம் இல்லை. நீங்கள் எழுதப் போகும் தோட்டம் யார் போட்ட முதலில் நடப்பட்டது? அதன் லாபம் எந்த ஊரில், எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது? ரப்பர் விலை விழுந்த மாதம் லண்டனில் யார் என்ன முடிவெடுத்ததால் உங்கள் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றப்பட்டார்? நம் நாவல்கள் கண்ணீரை எழுதிய அளவுக்குக் கணக்கை எழுதவில்லை. இங்கிலாந்தில் 1904 முதல் 1910 வரை வந்த சில நாவல்கள் அந்தக் கணக்கைத் தொட்டு, பாதியில் விட்டுவிட்டன. அவற்றை நீங்கள் படிக்க வேண்டும். மீதிப் பாதியை எழுதும் உரிமை நமக்கு இருக்கிறது என்று நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் இ. எம். ஃபார்ஸ்டரின் 'ஹோவர்ட்ஸ் எண்ட்'. 1910 அக்டோபரில் வந்தது. அதில் ஹென்ரி வில்காக்ஸ் என்றொரு பணக்காரர் வருகிறார். இம்பீரியல் அண்ட் வெஸ்ட் ஆப்பிரிக்கன் ரப்பர் கம்பெனி அவருடையது. இசை, புத்தகம் என்று வளர்ந்த மார்கரெட் ஷ்லெகல், அவரை மணக்கச் சம்மதித்த பிறகு ஒருநாள் அந்தக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்துக்குப் போகிறாள். இவ்வளவு செல்வம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்ற ஆவல் அவளுக்கு. பேரேடுகள், பளபளக்கும் மேசைகள், பித்தளைக் கம்பித் தடுப்புகள், மின்விளக்குகள், இவைதாம் கண்ணில் படுகின்றன. சுவரில் ஆப்பிரிக்காவின் வரைபடம் தொங்குகிறது. கொழுப்புக்காகக் கூறுபோடக் கோடு கிழித்த திமிங்கலம்போல் அந்தக் கண்டம் தெரிகிறது. ரப்பர் மரம் ஒன்றுகூட அங்கே இல்லை. அதை வெட்டும் ஆளும் இல்லை.

ஃபார்ஸ்டர் தெரியாமல் விட்ட இடம் இது என்று நான் நினைக்கவில்லை. அந்த அறையின் வெறுமையைத்தான் அவர் காட்ட விரும்பினார். மார்கரெட்டின் தங்கை ஹெலன், வேலை இழந்த ஏழைக் குமாஸ்தா லெனர்ட் பாஸ்டுக்கு 5,000 பவுண்டு கொடுக்கப் பார்க்கிறாள். அவன் வாங்க மறுக்கிறான். அவள் அதைத் திரும்பப் பங்குகளில் போட, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் பணக்காரியாகிறாள். இரக்கப்பட்டுக் கொடுக்க நினைத்த பணமும் கடைசியில் வட்டியோடு வீடு திரும்புகிறது. இதை ஃபார்ஸ்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். பங்குப் பணத்தின் குணத்தை இத்தனை குறைவான சொற்களில் பிடித்த வேறு கதையை நான் படித்ததில்லை. ஆனாலும் நாவலின் கவலை, ஓர் அழகான ஆங்கிலப் பண்ணைவீடு யாருக்குச் சேர வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது.

வில்காக்ஸின் ரப்பர் மேற்கு ஆப்பிரிக்காவினது. ஆனால் அந்த நாவல் அச்சேறிய ஆண்டில் லண்டன் பேசிக்கொண்டிருந்தது நம் ஊர் ரப்பரைத்தான். மோட்டார் வண்டிகள் பெருகி, டயருக்குத் தட்டுப்பாடு வந்து, 1910 ஏப்ரலில் ஒரு பவுண்டு எடை ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. கிள்ளானிலும் காப்பாரிலும் வல்லம்புரோசா, புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ் அண்ட் லோலண்ட்ஸ் என்று நாம் தோட்டப் பெயராக அறிந்தவை, அங்கே பங்குச் சந்தைப் பெயர்கள். மலாயாக் கம்பெனிகளில் சில அந்த ஆண்டுகளில் 100 சதவீதத்துக்கும் மேல் லாப ஈவு கொடுத்தன. பெரிய பணக்காரர்கள் மட்டுமல்லாமல் சிறு சேமிப்பு உள்ளவர்களும் வாங்கட்டும் என்று பல கம்பெனிகள் 2 ஷில்லிங் பங்குகளை வெளியிட்டன. குமாஸ்தாக்களும் ஓய்வுபெற்றவர்களும் வாங்கினார்கள். ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுப்பது மலாயாவில் நிறுத்தப்பட்டதும் அதே 1910-இல்தான். கங்காணிகள் வழியாக ஆள் சேர்க்கும் முறை தொடர்ந்தது. அப்படி வரும் தொழிலாளரின் கப்பல் கட்டணத்துக்கென்று 1907-இலேயே தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு நிதி அமைக்கப்பட்டிருந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1906 முதல் நம் வெள்ளியின் (டாலரின்) மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டப்பட்டிருந்தது. 1920களின் இறுதியில் இங்கே தோட்டத் தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 50 காசு என்றால் 14 பென்ஸ். 2 ஷில்லிங் என்றால் 24 பென்ஸ். அந்தக் கூலியை அளவாகக் கொண்டாலே ஒரு பங்கின் முகமதிப்பு ஓர் ஆணின் இரண்டு நாள் கூலிக்கும் குறைவு. தான் வெட்டிய மரத்தின் பங்கு தன் இரண்டு நாள் உழைப்புக்குள் அடங்கும் விலையில் அச்சிடப்பட்டிருந்தது என்பதை வெட்டுக்கத்தி பிடித்தவனிடம் யாரும் சொல்லவில்லை. லண்டனில் மேசையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு விளம்பரம் போட்டுச் சொன்னார்கள். இந்த ஓர் இடைவெளியை எடுத்துக்கொண்டாலே உங்களில் ஒருவருக்கு ஒரு நாவல் கிடைக்கும்.

பங்குப் பித்தை நாவலாக்கியவர்களில் எச். ஜி. வெல்ஸும் ஒருவர். 1909-இல் நூலாக வந்த அவருடைய 'டோனோ-பங்கே'யில் எட்வர்ட் பொண்டெரெவோ என்ற மருந்துக் கடைக்காரர், ஒன்றுக்கும் உதவாத ஒரு சத்துமருந்தை விளம்பரத்தாலேயே விற்றுக் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்குச் சந்தையில் இறக்குகிறார். மலைமேல் மாளிகை கட்டத் தொடங்கி, எல்லாம் சரிந்து, பிரான்சுக்குத் தப்பியோடி அங்கே சாகிறார். விளம்பர வாசகம் எப்படிப் பிறக்கிறது, ஆபீஸ் வாசலில் பணம் கேட்டு எப்படிக் கூட்டம் நிற்கிறது என்பதையெல்லாம் வெல்ஸ் உள்ளேயிருந்து எழுதுகிறார். கம்பெனியைக் காப்பாற்ற, ஆப்பிரிக்கக் கரையில் கிடக்கும் ஒரு கதிரியக்க மண்ணைத் திருட்டுத்தனமாக அள்ளிவரக் கப்பல் போகிறது. அங்கே கதைசொல்லி ஜார்ஜ், எதிர்ப்பட்ட ஓர் உள்ளூர்க்காரனைச் சுட்டுக் கொன்று புதைக்கிறான். அள்ளிய மண்ணே கப்பலின் பலகைகளை அரித்து, கப்பல் மூழ்குகிறது. லண்டன் பங்குச் சந்தையையும் ஒரு கடற்கரைக் கொலையையும் ஒரே கதையில் சேர்த்த துணிவுக்காக வெல்ஸை நான் மதிக்கிறேன். ஆனால் செத்தவனுக்குப் பெயர் கிடையாது. அவன் வீட்டில் யார் அழுதார்கள் என்று தெரியாது. சில பக்கங்களில் நாவல் அவனைக் கடந்துவிடுகிறது.

அதே வெல்ஸ் 1905-இல் 'எ மாடர்ன் யுடோபியா' எழுதினார். உலகம் முழுக்க ஒரே அரசு. யாரும் எங்கும் தடையின்றிப் போகலாம், குழந்தை பெற்று வளர்ப்பது நாட்டுக்குச் செய்யும் சேவை, அதற்குத் தாய்க்கு ஊதியம் உண்டு. இன ஏற்றத்தாழ்வை எதிர்த்து அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன் 'ஆன்டிசிபேஷன்ஸ்' நூலில், புதிய உலகின் திறமைக்கு ஈடுகொடுக்காத கறுப்பு, பழுப்பு இனங்கள் அழிந்து போகத்தான் வேண்டும் என்ற பொருள்பட எழுதியவரும் இவரே. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். முன்னேற்றத்தைப் பற்றிக் கனவு காண்பவர் அந்தக் கனவுக்கு வெளியே யாரை நிறுத்துகிறார் என்று பார்க்கும் பழக்கம் அதில் வரும்.

முன்னேற்றம் கொண்டுவருவார்கள் என்று வெல்ஸ் நம்பிய மாதிரியான நிபுணர்கள் நம் கிள்ளானுக்கும் வந்தார்கள். டாக்டர் மால்கம் வாட்சன் 1901 ஜனவரியில் இங்கே மாவட்ட மருத்துவராக வந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்த போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தை மலேரியாக் காய்ச்சலால் மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. வாட்சன் சதுப்புகளை வடித்தார், காடுகளை வெட்டவைத்தார், நகரத்திலும் துறைமுகத்திலும் காய்ச்சலை அடக்கினார். 1911-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவரைப் பாத்திரமாக்கும்போது கொடுங்கோலனாக்கிவிடாதீர்கள். அவர் உண்மையிலேயே உயிர்களைக் காத்தவர். கப்பல் வரும் துறைமுகம் முதலில் காய்ந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பிறகுதான் காய்ந்தன. அந்த வரிசைதான் நாவலாசிரியர் கவனிக்க வேண்டியது.

நம் பக்கத்து யுடோபியா எங்கே என்று கேட்பீர்கள். அது நூலாக வரவில்லை, கோரிக்கைப் பட்டியலாக வந்தது. 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'தமிழ் நேசன்' துணை ஆசிரியராக இருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் மூலம் அதை முன்னின்று நடத்தினார். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்பதை மட்டும்தான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். பட்டியல் அதைவிட நீளம். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கேட்டார்கள். முறையான மருத்துவம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் துரைமாரும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும், குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றார்கள். துரைக்கும் கிராணிக்கும் (தோட்ட எழுத்தருக்கும்) முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

இந்தச் சைக்கிள் கோரிக்கையில் கொஞ்சம் நில்லுங்கள். செம்மண் சாலை. மத்தியானம் பால் நிறுத்துவிட்டு ஒருவர் வீடு திரும்புகிறார். முன் கம்பியில் மகன் உட்கார்ந்திருக்கிறான், கைப்பிடியில் ஒட்டுப்பால் நாற்றம். எதிரே துரையின் கார் வருகிறது. அவர் காலை ஊன்றி இறங்கி, மகனையும் இறக்கி, ஓரத்துப் புல்லில் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கார் போகிறது, செம்மண் தூசி இருவர் மேலும் படிகிறது. மகன் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. இதைத் தினமும் அனுபவித்த மனிதர், கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கச் சொன்னார். நல்ல சமுதாயம் எப்படியிருக்கும் என்பதை இதைவிடத் துல்லியமாக வெல்ஸின் புத்தகத்தில் நான் எங்கும் காணவில்லை. அரசு மே மாதத்தில் நாதனைக் கைதுசெய்தது. படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் மலாயாவில் இறங்கிவிட்டார்கள், மற்ற எல்லாம் அந்தப் புழுதியில் மறைந்தது.

செஸ்டர்டனின் 'நெப்போலியன் ஆஃப் நாட்டிங் ஹில்' (1904) நூலைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், நீங்களே ரசித்துப் படிப்பீர்கள். வியாபாரிகள் ஒரு பெருஞ்சாலை போடக் கேட்கும் சின்னஞ்சிறு பம்ப் தெருவை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஓர் இளைஞன் போருக்கு நிற்கும் கதை. நம் பள்ளத்தாக்கில் இது பலமுறை போரில்லாமலே நடந்துவிட்டது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டமும் அதன் அக்கம்பக்கத்து மெடிங்லி, கேலோவே, செட்ஜ்லி தோட்டங்களும் இருந்த மண்ணில்தான் ஏரியும் பூங்காவுமாகத் திட்டமிட்ட புத்ராஜெயா எழுந்தது. அங்கே தலைமுறைகளாகப் பால் வெட்டியவர்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில் யார்டு கேஎல் சென்ட்ரல் ஆனது. அரசு ஊழியர் குடியிருந்த நூறு குவார்ட்டர்ஸின் வரிசை வீடுகளும் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. இந்த நகரங்களை வெறுக்கச் சொல்லவில்லை. நானும் கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறித்தான் கிள்ளானுக்கு வருகிறேன். யாருடைய வீட்டின் மேல் இந்த ஒழுங்கு வந்தது என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறேன்.

இனி, மனத்துக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை ஜாலான் துன் சம்பந்தன். பாத்திரக் கடைக்கும் பூக்கடைக்கும் அந்தச் சாலையில் ஓயாமல் போகிறோம். அதற்குப் பெயர் தந்த தலைவர் சம்பந்தனின் பெரிய வேலை ஒரு கூட்டுறவுச் சங்கம். சுதந்திரம் நெருங்கிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வேலையும் இல்லை, லயமும் இல்லை என்று தெருவுக்கு வந்தார்கள். அப்போது சம்பந்தன், நாமே சேர்ந்து தோட்டம் வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி உறுப்பினர் ஆனார்கள். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பிறகு மேலும் பல.

என் அம்மா காப்பார் பக்கம் பால் வெட்டியவர். அந்தப் பத்து வெள்ளியைக் கட்ட அவர் யோசித்த யோசனை எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை பணம் கேட்டு லயத்துக்கு வந்தவர்கள் வட்டிக்காரரும் சீட்டுப் பிடிப்பவரும் கோயில் நன்கொடைக்காரரும்தான். தோட்டத்தில் பங்கு என்று ஒருவர் வந்து சொன்னால் எப்படி நம்புவது? பெரியப்பா வேண்டாம் என்றார். அடுத்த வீட்டு அக்கா கட்டிவிட்டார் என்று கேட்ட பிறகு அம்மாவும் கட்டினார். அந்த ரசீதைத் தாலிச்சங்கிலி அடகுச் சீட்டோடு சேர்த்து ஒரே டப்பாவில் வைத்திருந்தார்.

1910-இல் 2 ஷில்லிங் பங்கு வாங்கிய லண்டன்காரருக்குப் பெரிய எழுத்தாளர்கள் நாவல் எழுதிவிட்டார்கள். 1960-இல் பத்து வெள்ளி கட்டிய பால்வெட்டுக்காரியை நடுவில் நிறுத்திய ஒரு தமிழ் நாவல் என் கைக்கு இன்னும் வரவில்லை. அவள் கதையில் எல்லாமே இருக்கின்றன. சந்தேகம், நம்பிக்கை, கூட்டத்தில் எழுந்து பேசும் முதல் பெண், முதலாளியாகவும் தொழிலாளியாகவும் ஒருவரே இருக்கும்போது கூலி உயர்வு கேட்பது யாரிடம் என்ற சிக்கல், தோட்டத்தை நடத்தப் போன நம் ஆட்களிடமே பழைய துரைத்தனம் ஒட்டிக்கொண்டதா இல்லையா என்ற கேள்வி. ஒரு லட்சியம் கணக்குப் புத்தகத்துக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்பதுதான் அந்த ஆங்கில நாவலாசிரியர்கள் எல்லாரையும் உறுத்திய விஷயம். நம்மிடம் அது நடந்தே இருக்கிறது.

தமிழில் வழிகாட்டி இல்லை என்று சொல்ல முடியாது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) மெடான் வட்டிக்கடைகளின் பேச்சையும் பேரேட்டையும் கதைக்குள் கொண்டுவந்தது. அதைப் படித்துவிட்டு கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் நடந்து பாருங்கள். ரப்பர் விலை விழுந்தபோது அடமானத் தோட்டங்கள் செட்டியார் கைக்கு மாறிய கதை அந்தத் தெருவுடையது. வணிகம் நம்மவர்களிடமும் இருந்தது, அதையும் கூச்சமில்லாமல் எழுத வேண்டும். லங்காட் பக்கத்து வாழ்வை எழுதிய அ. ரெங்கசாமியின் நாவல்கள், ஓர் ஊரை ஆண்டு தவறாமல், நிலம் தவறாமல் எழுதுவது எப்படி என்று காட்டும்.

வேலையைத் தொடங்க ஒரு வழி சொல்கிறேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறது. 1910-இல் ரப்பர் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டங்களில் தலைவர் பேசியது வரிக்கு வரி அதில் கிடைக்கும். எத்தனை ஏக்கர், எத்தனை பவுண்டு ரப்பர், தொழிலாளர் போதுமானதாக இருந்தார்களா, எவ்வளவு லாபம், நன்றி, கைதட்டல். உங்கள் குடும்பம் இருந்த தோட்டத்தின் கம்பெனியைத் தேடுங்கள். ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்ட அறிக்கையை ஒரு பக்கம் வைத்து, அதே ஆண்டில் அந்தத் தோட்டத்து லயத்தில் நடந்ததை எதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், பத்து வெள்ளி கட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே போய்ப் பேசுங்கள். அவர்களுக்கு எண்பது தொண்ணூறு வயதாகிவிட்டது, தீபாவளி விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். அம்மாவின் ரசீது என்னிடம்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள், எழுதிய பக்கங்களையும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து உங்கள் அக்கா